எங்கள் பாதையை ஆண்ட ராசா

போன கிழமை நான் முற்றத்தில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்த நேரம், மூத்ததம்பிக் கங்காணியார் வேலிக்கு வெளியே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நான் எச்சில் கையோடு எழும்பி நின்றேன். அவர் திரும்பிப் பார்க்காமலே தலையை ஒருக்கால் அசைத்துவிட்டுப் போனார். நான் நின்ற நேரத்துக்குள் காகம் வந்து கோப்பையில் வாய் வைத்துவிட்டது.

"அப்பா, அந்த மனுசன் பென்சன் எடுத்து எவ்வளவு காலம். நீங்களும் எடுத்தாச்சு. இன்னும் என்னத்துக்கு எழும்பி நிக்கிறீங்க?" என்று மூத்தவள் சுகந்தி கேட்டாள்.

"பழக்கம்."

"பழக்கமெண்டா விடலாம். பீடிய விட்டீங்கதானே."

நான் கை கழுவப் போனேன். சரியான மறுமொழி எனக்குத் தெரியும். ஆனால் அதை ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று கங்காணியார் எனக்கு ஒரு உத்தரவு போட்டிருந்தார். அன்று பின்னேரமே அவரிடம் போய்க் கேட்டேன். "பாதையே இல்ல. இனி என்ன. சொல்லிப்போடு" என்றார். ஆகவே எழுதுகிறேன். எட்டாம் வகுப்புத் தமிழ்தான். மூத்தவள் வாசித்துவிட்டுத் தம்பிமார் இருவருக்கும் அனுப்பட்டும்.

சின்னவனுக்குப் பாதை என்றால் ரோட்டு. நான் இளந்தாரியாக இருந்த காலத்தில் பாதை என்றால் வாவியில் மிதக்கிற இரும்புத் தட்டு. அடியில் மிதவைகள். கரைக்குக் கரை ஒரு கம்பிவடம் கட்டியிருக்கும். தட்டில் நிற்கிற ஆள் மரக்கட்டையால் அந்த வடத்தைக் கவ்விப் பிடித்து முன்னால் இருந்து பின்னால் நடக்க வேண்டும். ஆள் பின்னால் நடக்க, பாதை முன்னால் போகும். என் உழைப்புக் காலம் முழுக்க நான் இப்படி நடந்திருக்கிறேன். நடந்த தூரத்துக்குக் கொழும்புக்குப் பலமுறை போய் வந்திருக்கலாம். போனதெல்லாம் அக்கரைக்கும் இக்கரைக்கும்தான்.

வேலைக்கு என்னைத் தெரிந்தெடுத்தவர் மூத்ததம்பிக் கங்காணியார். துறையில் நாற்காலி போட்டிருந்தார். "கையக் காட்டு" என்றார். காட்டினேன். "கூப்பிட்டா எவ்வளவு தூரம் கேக்கும்? கூப்பிட்டுக் காட்டு." கூப்பிட்டேன். அக்கரையில் நின்ற மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. "சரி, நாளைக்கு வா" என்றார். பாதை இழுக்கிறவனுக்குச் சத்தம் எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வடம் பழக ஒரு மாரி போதும். கை உரியும், கொப்பளிக்கும், பிறகு தோல் செருப்பு மாதிரி ஆகிவிடும். அதோடு என் பயிற்சி முடிந்தது.

அவர் எப்படி ராசா ஆனார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து ஆடுவார்கள். அதில் ராசாவுக்குக் கரப்புடுப்பு. கோழி மூடுகிற கரப்பைப் போல இடுப்பைச் சுற்றிப் பிரம்பு வளையங்கள் கட்டி, அதன் மேல் துணி இறக்கி, துணி முழுக்கக் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கும். எங்கள் கோயிலில் இருந்த கரப்புடுப்பு பழைய காலத்து நெடுவல் ஒருவருக்காகச் செய்தது. அவர் செத்த பிறகு அது ஊரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. குட்டையான ஆள் போட்டால் ராசா நடக்கிற மாதிரி இருக்காது, கரப்பு தானாக நடக்கிற மாதிரி இருக்கும். மூத்ததம்பி என்ற இளந்தாரி வளர்ந்து வந்து தலை வாசல் நிலையில் முட்டுகிற அளவு ஆனதும், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு உடுப்பை மாட்டிப் பார்த்தார். அளவாக இருந்தது. அன்றிலிருந்து அவர் ராசா. இரத்த உரித்தும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை.

குரல் அவருக்கு இல்லை. வாயைத் திறந்தால் கதவுப் பிணைச்சல் சத்தம் வரும். ஆட்டம்தான் அவருடைய கலை. அவர் கால் வைத்தால் மத்தளக்காரர் பயந்து பயந்து அடிப்பார். பாட்டைப் பின்னால் நின்று வேறு ஆட்கள் பாடுவார்கள், இவர் வாயை மட்டும் அசைப்பார். நாட்டை ஆளுகிறதற்கு இதைவிட நல்ல பயிற்சி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

வருசத்தில் ஒரு கூத்துத்தான் ஆடுவோம். ஆனால் ஆட்கள் வருசம் முழுக்க "ராசா" என்று கூப்பிட்டார்கள். முதலில் பகிடிக்கு. அவர் பகிடியை விளங்கிக்கொள்ளாமல் "என்ன?" என்று திரும்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அது பகிடி இல்லாமல் போய்விட்டது. ரோட்டுத் திணைக்களம் அவரைப் பாதைக்குக் கங்காணியாகப் போட்டபோது அவருக்கு ஒரு நாடும் கிடைத்தது. ஒரு தட்டு அகலமான நாடு. குடிகள் இந்தக் கரையில் ஏறி அந்தக் கரையில் இறங்கிவிடுவார்கள்.

பாதையில் அவர் வைத்த ஒழுங்கு இது. விடிந்ததும் வடத்தைக் கையால் தடவிப் பார்ப்பார், பிசிறு இருந்தால் அவர் விரல் அறியும். பிறகு மிதவைகளைத் தட்டிச் சத்தம் கேட்பார். மாட்டு வண்டில் நடுவில், சைக்கிள்கள் ஓரத்தில், உழவு இயந்திரம் வந்தால் அது மட்டும்தான், கூடவே ஒரு ஆட்டுக்குட்டியும் ஏறக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சியும் கிழடுகளும் முதலில் ஏறுவார்கள். எல்லாரும் ஏறி முடிந்த பிறகுதான் அவர் ஏறுவார். ஏறுவதற்கு முன் நான் கூப்பிட வேண்டும். அப்போதுதான் என் சத்தத்தின் தேவை எனக்கு விளங்கியது. கூத்தில் ராசா ஆடுகிற களரிக்கு வருமுன் இரண்டு பேர் வெள்ளைத் திரை பிடிப்பார்கள், கட்டியகாரன் வந்து ராசா வருகிறார் என்று அறிவிப்பான், திரை விலகும். பாதைக்குத் திரை மட்டும்தான் இல்லை. "ராசா வாறார், பாதை வெளிக்கிடுது" என்று நான் கூப்பிடுவேன். சங்கிலிப் பூட்டைத் திறந்துவிட்டு அவர் வந்து முன்பக்கத்தில் ஆணி அடித்து வைத்த கதிரையில் இருப்பார். பூட்டின் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, எப்போதும் அவருடைய அரைஞாண் கொடியில் கிடக்கும்.

மீன்பிடிக்கிறவர்கள் ஆளுக்கொரு நண்டு வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் திறை. யாருடைய மாடு யாருடைய வயல் வட்டைக்குள் இறங்கி வேளாண்மையைத் தின்றது என்ற வழக்கெல்லாம் நடுவாவியில் தீரும். தீர்ப்புப் பிடிக்காதவன் இறங்கிப் போக வழி இல்லை, அதனால் எல்லாருக்கும் தீர்ப்புப் பிடித்தது. வீட்டில் மட்டும் அவருக்கு ஆட்சி இல்லை. அவருடைய மனுசி அவரை, "இந்தாங்க, உங்களத்தான், அந்தக் கோழியத் துரத்துங்க" என்பா. ராசா துரத்துவார். ஓடாமல், நடந்துதான் துரத்துவார். ராசா ஓடுறதில்ல என்பது அவருடைய முதலாவது சட்டம்.

இரண்டாவது சட்டம், உடுப்போடு நிற்கும்போது வாளைக் கீழே வைக்கிறதில்லை. மரவாள்தான், மேலே வெள்ளித்தாள் சுற்றியது. ஆனாலும் வைக்க மாட்டார். அதனால் தோற்கிற ராசாவாக அவர் ஆடியதே இல்லை. ஒரு வருசம் அண்ணாவியார் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்.

"ராசா, கதையில இந்த ராசா தோத்துப்போய் முழங்கால்ல நிக்கிறவர். வாளப் போட்டாத்தானே கதை முடியும்."

"அப்ப கதைய முடிக்காதீங்க."

அந்த வருசம் எங்கள் கூத்தில் யுத்தம் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. ஊர் விடியும்வரை பார்த்துவிட்டு யார் வென்றது என்று தெரியாமல் வீட்டுக்குப் போனது.

கூத்தில் ராணி யார் என்று கேட்பீர்கள். என்னோடு வடம் இழுத்த வெள்ளையன் மாமாதான். அந்தக் காலத்தில் பெண்கள் ஆடுவதில்லை. கூத்துப் பழகுகிற மாதங்களில் அவர் மீசையை எடுத்துவிடுவார். பாதைக்கு வருகிற பெடியன்கள் "மகாராணி, சௌக்கியமா" என்பார்கள். அவர் வடத்தை விடாமல் காலால் தண்ணீரை அள்ளி அவர்கள் மேல் எற்றுவார். நான் கட்டியகாரன், நீட்டுத் தொப்பி போட்டவன். ஆக ராசா, ராணி, கட்டியகாரன் மூவரும் ஒரே பாதையில் சம்பளம் வாங்கினோம்.

பிறகு சண்டை வந்தது. பொழுது எழும்புகிற எழுவான்கரை ஆமியிடம், பொழுது விழுகிற படுவான்கரை இயக்கப் பெடியளிடம். நடுவில் இருந்த தண்ணீர் எங்கள் ராசாவிடம். இரண்டு பக்கத்தாரும் அவரைக் கேள்வி கேட்பார்கள். "ஆர் நீ?" என்றால் "இந்தத் துறைக்கு ராசா" என்பார். இரண்டு பக்கமும் சிரித்துவிட்டு விடுவார்கள். அவர்கள் சிரித்ததையும் அவர் திறையாகத்தான் எடுத்துக்கொண்டார். ஒரு நாள் துறையடியில் ஷெல் விழுந்தது. நாங்கள் எல்லாரும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தோம். அவர் நடந்து வந்தார். வந்து குனிந்து, "கொஞ்சம் அங்கால தள்ளுங்க" என்றார். அவ்வளவுதான்.

இரவில் வெளிச்சம் காட்டக் கூடாது என்பதால் கூத்தைப் பகலில் ஆடத் தொடங்கினோம். ராசாக்களுக்கு வெயிலில் வியர்த்து முகப்பூச்சு கழுத்தால் வடியும். ஆனாலும் சனம் வந்தது. வேறு என்ன இருந்தது வருவதற்கு.

இப்போது மகள் கேட்டதற்கு வருகிறேன்.

உங்கள் அம்மா பாக்கியத்தின் வீடு படுவான்கரையில். கலியாணம் முடித்தால் ஆம்பிளைதானே பெண் வீட்டுக்குப் போகிறது, அதனால் என் வீடும் அதுதான். அந்த வருசம் கூத்தும் அந்தக் கரையில். அம்மா நிறைமாதம். பாதையை மேற்குத் துறையில் பூட்டிவிட்டு மூவரும் உடுப்புக் கட்டப் போனோம். வெயில் ஏறும்போது எழுவான்கரைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கே துறையில் சிவப்புக் கொடி ஏறியது. சிவப்புக் கொடி என்றால் வாவியில் ஒரு தோணியும் அசையக் கூடாது. அசைந்தால் சுடுவார்கள். நாங்கள்தான் எங்கும் போகவில்லையே என்று கூத்தைத் தொடங்கினோம்.

நான் கட்டியம் சொல்லி, திரை விலகி, ராசா இரண்டு சுற்று ஆடி முடிக்குமுன் என் மாமி களரிக்குள் ஓடி வந்தா.

"மருமகன், பாக்கியத்துக்கு ஏலாம வந்திட்டு. புள்ள குறுக்க கிடக்காம். மருத்துவிச்சி தன்னால ஏலாதெண்டு கையெடுத்திட்டா. பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோனாத்தான் ரெண்டு உசிரும் எண்டுறா."

மத்தளம் நின்றது. பெரியாசுபத்திரி அக்கரைப் பக்கம் புளியந்தீவில். நடுவில் வாவி. வாவிக்கு மேல் சிவப்புக் கொடி. நான் தொப்பியோடு நின்று ராசாவைப் பார்த்தேன். திறப்பு அவருடைய அரையில்.

"அண்ணாவியார், இந்த உடுப்பக் கழட்ட எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"எல்லாம் உடம்போட வச்சுத் தைச்சுக் கிடக்கு ராசா. அவுக்கப் பொழுது பட்டிரும்."

"அப்ப இப்பிடியே வாறன்."

"நானும் இப்பிடியேதான்," என்றார் வெள்ளையன் மாமா. "சேலையக் கழட்டினா உள்ளுக்கு ஒண்டுமில்ல மச்சான்."

அம்மாவை வண்டிலில் படுக்க வைத்துத் துறைக்குக் கொண்டுவந்தோம். அங்கே காத்தான்குடி அசனார் காக்கா காலையிலிருந்து மறிபட்டு நின்றார். சைக்கிளில் புடவை கட்டி வந்து படுவான்கரையில் விற்கிற முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் காக்கா. எங்களைக் கண்டதும் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"யா அல்லாஹ், இதென்ன கோலம். மவுத்தாகப் போறதெண்டாலும் இப்பிடி உடுத்திட்டா போறது?"

"காக்கா, வெள்ளைத் துணி இரிக்கா?" என்று கேட்டேன்.

"இரிக்கி. கரையில நிக்கிற சனம் வேண்டாத துணி அது ஒண்டுதான்." ஒரு கட்டை அவிழ்த்தார். பிறகு வண்டிலுக்குள் எட்டிப் பார்த்தார், அம்மாவின் முகத்தைக் கண்டார். சைக்கிளைப் பாதையில் ஏற்றினார். "என்ட வீட்டிலயும் ஒருத்தி பாத்திட்டு இரிக்கா. நானும் வாறன்."

பூட்டுத் திறக்க வேண்டும். திறப்போ கரப்புக்கு உள்ளே. வெள்ளையன் மாமா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ராசாவின் கரப்புக்குள் புகுந்தார். உள்ளேயிருந்து, "கால அகட்டுங்க ராசா" என்று சத்தம் வந்தது. என் மனுசி அந்த வேதனையிலும் ஒருக்கால் சிரித்தா என்று மாமி பிறகு சொன்னா.

வெள்ளைத் துணியை முன்னால் பிடிக்க வேண்டும் என்றேன். ராசா ஒரு நிபந்தனை போட்டார். "கொடியாப் பிடிக்கப்படா. எனக்குத் திரையாப் பிடிக்கிறதெண்டாப் பிடி." எப்படியும் பிடித்தால் போதும் என்று காக்கா ஒரு முனையைப் பிடித்தார், மறு முனையைக் கம்பத்தில் கட்டினோம். அதன் பின்னால் கதிரைக்குப் பக்கத்தில் ராசா நின்றார். கரப்போடு கதிரையில் இருக்க முடியாது. நானும் ராணியும் வடத்தில் கை வைத்தோம்.

வாவி அன்று எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. வடம் முனகுகிற சத்தமும் அம்மா முனகுகிற சத்தமும்தான். நடுவாவிக்கு வந்தபோது வெடி கேட்டது. பாதைக்கு முன்னால் தண்ணீர் எழும்பி விழுந்தது. நான் தட்டில் குப்புற விழுந்தேன். வெள்ளையன் மாமா விழுந்தார். காக்கா சைக்கிளுக்குக் கீழே போய்விட்டார், துணியின் முனையை மட்டும் விடவில்லை. மாமி அம்மாவின் மேல் கவிழ்ந்துவிட்டா. ராசா ஒருவர்தான் நின்றார். திரை விழுந்துவிட்டது. அவருடைய கண்ணாடிகள் எல்லாம் வெயிலில் பளிச்சிட்டன.

அது வீரமா, அந்த உடுப்போடு படுக்க முடியாது என்பதாலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"எழும்பு மனே," என்றார். "ராசா வாறதெண்டு சொல்லாம வந்தாச் சுடுவானுகள்தானே. கட்டியம் சொல்லு."

முழங்காலில் நின்று வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அக்கரை மாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்த சத்தம் எங்கே போனதோ தெரியாது. இரண்டாம் தரம் வந்தது.

"ராசா வாறார். சுடாதீங்க. புள்ளப்பேத்துக்கு வாறம். மாத்தயா, லெடெக், லெடெக்." மாத்தயா என்றால் ஐயா, லெடெக் என்றால் நோயாளி, எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். கூத்தில் ஒரு ராசாவையும் நான் அப்படி அறிவித்ததில்லை.

மறுவெடி வரவில்லை. நாங்கள் எழும்பி இழுத்தோம். நான் கூப்பிட்டுக்கொண்டே இழுத்தேன்.

துறையில் ஆமிக்காரர் துவக்கை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பொறுப்பானவர் இளம் ஆள், மீசை சரியாக முளைக்கவில்லை. காலையில் அவர்களுடைய ஆட்களுக்கு என்ன நடந்ததோ, ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. தெரிந்த முகமும் ஒன்று இல்லை. எல்லாரும் புது ஆட்கள். பாதை இடித்து நின்றது. அவர் ராசாவின் வாளைக் காட்டினார்.

"கத்தி. கீழ போடு."

ராசா அசையவில்லை.

"கத்தி கீழ போடு."

"மரம்," என்றார் ராசா.

துவக்குகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. "ராசா, மரவாள்தானே, போட்டுத் துலையுங்க" என்று வெள்ளையன் மாமா பல்லுக்குள்ளால் சொன்னார். ஒரு யுத்தத்தை முடிக்காமல் விட்ட மனுசனை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெண்சாதியும் பிள்ளையும் அந்த வெள்ளித்தாளில் தொங்கினார்கள்.

அப்போது வண்டிலுக்குள் இருந்து அம்மா பேசினா. அதுவரை சேலை முனையைக் கடித்துக்கொண்டு கிடந்தவ. அவ அவரை ராசா என்று கூப்பிடவில்லை.

"கங்காணியார்," என்றா. "என்ர புள்ள."

அவர் வாளைக் குனிந்து தட்டில் வைத்தார். ராசமுடி நாடியோடு கட்டியிருந்தது, அதன் கயிற்றை அறுத்து எடுத்து வாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு இறங்கித் துறைக்கட்டில் முழங்கால் ஊன்றினார். கரப்புடுப்போடு முழங்கால் ஊன்ற முடியாது, அது அதற்காகச் செய்தது அல்ல. பிரம்புகள் ஒவ்வொன்றாகச் சீனவெடி மாதிரி முறிந்தன. ஆமிக்காரர் இரண்டு பேர் நிலத்தில் விழுந்து படுத்துவிட்டார்கள். பொறுப்பானவர் கையைத் தூக்கி, சுடாதே என்று சைகை காட்டினார். கண்ணாடித் துண்டுகள் உருண்டு உருண்டு தண்ணீருக்குள் விழுந்தன.

"ஆர் நீ?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரே மறுமொழியைத்தான் நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருந்தோம்.

"பாதைக் கங்காணி, மாத்தயா," என்றார் எங்கள் ராசா. "கம்பி இழுக்கிற ஆள். அந்தப் பொம்பிளைய விடுங்க. நான் இவடத்தயே இரிக்கன்."

அந்த இளம் ஆள் வண்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்த உடனே சிங்களத்தில் ஏதோ கத்தினார். ஆமி வண்டி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. அவரும் ஒரு கை பிடித்துத்தான் அம்மாவை ஏற்றினோம். நானும் ஏறி, வண்டி நாவற்குடாப் பக்கம் திரும்புமட்டும் அதன் பின்பக்கத்தில் இருந்து பார்த்தேன். ராசா முழங்காலில்தான் நின்றார். எழும்பவில்லை. என்ன பெரிய மனம் என்று நினைத்து அழுதேன்.

அது பெரிய மனம் இல்லை என்று வெள்ளையன் மாமா பிறகு சொன்னார். முறிந்த பிரம்பு தொடைக்குள் குத்திவிட்டது, அவரால் எழும்ப முடியவில்லை. இரண்டு ஆமிக்காரர் இரண்டு கையைப் பிடித்து இழுக்க, ராணி பின்னால் நின்று தள்ள, அவர் அசையவில்லையாம். கடைசியில் அசனார் காக்காதான் புடவைக் கத்திரிக்கோலை எடுத்துக் கரப்பை வெட்டி ஆளை வெளியே எடுத்தார். "அங்க அந்தப் புள்ளைக்கு டாக்குத்தர், இங்க ராசாவுக்கு நான். ரெண்டு பேறும் ஒரே நேரம்" என்று காக்கா சாகுமட்டும் சொல்லித் திரிந்தார். ஆனால் முழங்கால் ஊன்றியதை மட்டும் அவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிரம்பு முறிந்தது பாதையில் தடக்கி விழுந்ததால் என்றுதான் ஊருக்குத் தெரியும்.

ஆசுபத்திரியில் தாதி என்னை மேலும் கீழும் பார்த்தா. "ஆரு நீங்க?"

"புள்ளைட அப்பா."

"அப்ப அந்தத் தொப்பியக் கழட்டிட்டு வாங்க."

வயிற்றை வெட்டித்தான் சுகந்தியை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்குத்தர் சொன்னார். மறுநாள் கங்காணியார் சாரத்தோடு நொண்டிக்கொண்டு வந்தார். பிள்ளை வீரிட்டுக் கத்திக்கொண்டு கிடந்தது. கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"சத்தம் நல்லா இரிக்கு. கட்டியத்துக்கு ஆகும்" என்றார்.

பிறகு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். "முழங்கால் கதைய ஒருத்தனுக்கும் சொல்லப்படா. விளங்குதா?"

"ஓம் கங்காணியார்."

"ஓம், என்னது?"

"ஓம் ராசா."

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தொடைக் காயம் ஆறினதும் திறையை ஆளுக்கு இரண்டு நண்டாக்கினார். உடுப்புக்கு நட்டம் வந்துவிட்டதாம். அடுத்த கூத்துக்கு அண்ணாவியார் பயந்து பயந்து தோற்கிற ராசாவின் பாட்டைக் கொடுத்தார். மறுக்காமல் வாங்கினார். புதுக் கரப்பில் முன்பக்கம் பிரம்பு வைக்காமல் கட்டச் சொன்னார். களரியில் அவர் வாளை வைத்து, முடியைக் கழற்றி, முழங்கால் ஊன்றின நேரம் சனம் விறைத்துப்போய் இருந்தது. இந்த மனுசன் இதை எங்கே பழகினார் என்று கேட்டார்கள். எங்கே என்று தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவர் பென்சன் எடுத்தார், நானும் எடுத்தேன், சண்டை முடிந்தது, பாலம் வந்தது. பாலம் நல்லது. பிள்ளைப்பேற்றுக்கு இனி ஒருவனும் கொடி பார்க்கத் தேவையில்லை. பாதை போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, என் தோள்மூட்டைக் கேட்டால் அதுவும் அப்படித்தான் சொல்லும்.

தம்பிமார் இருவரும் பாலம் திறந்த அன்று ஊரில் இல்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். பெரிய ஆட்கள் நாடா வெட்டிவிட்டுப் போன பிறகு சனமெல்லாம் பாலத்தில் நடந்தது. கங்காணியார் மட்டும் பழைய துறைக்கட்டில் குடையோடு இருந்தார். "வாங்க கங்காணியார், அக்கரைக்குப் போய்ப் பாப்பம்" என்றேன். "என்னை ஆரு அறிவிக்கிறது? உனக்கு இப்ப தொண்டை இல்ல" என்றார். அது உண்மை.

சுகந்தி ஸ்கூட்டியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் நிறுத்தினாள். "ஏறுங்க மாமா." அவர் குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். அவருடைய முழங்கால் இரண்டும் அவளுடைய முழங்கையை இடித்தன. அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "ராசா வாறார், விலகுங்க" என்று கூப்பிட்டாள். பொலிஸ்காரர் விலகினார், ஆடுகள் விலகின. நான் பின்னால் சைக்கிளில் போனேன். நடுப்பாலத்தில் அவர் அவளுடைய தோளைத் தட்டினார்.

"மெதுவாப் போ புள்ள. ராசா ஓடுறதில்ல."

அவள் நடக்கிற வேகத்துக்கு இறக்கினாள். பின்னால் பஸ், லொறி, உழவு இயந்திரம் எல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு அக்கரை மட்டும் ஊர்ந்து வந்தன. அவர் திரும்பியே பார்க்கவில்லை.

ஆகவே மகள், நான் எழும்பி நிற்கிறது இதற்குத்தான். நடுவாவியில் வெடிக்கு நின்றாரே, அதற்கில்லை; துறைக்கட்டில் முழங்கால் ஊன்றினாரே, அதற்கு. நாளைக்குக் காலையில் வாவிக்கரையில் நண்டு வாங்கி வைக்கிறேன். ஸ்கூட்டியில் கொண்டுபோய் அவரிடம் கொடு. திறை ஆளுக்கு இரண்டு. உனக்கும் சேர்த்து நாலு.